முதலாளியின் ஞாபகமும் ஒரு முதல்தான்

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் பருப்பும் சீனியும் மூடைக் கணக்கில் கைமாறும் கடைகளுக்குள் போய்ப் பார்த்தால் ஒரு விடயம் விளங்கும். அங்கே கம்பியூட்டர் இருக்கும், பில் புத்தகம் இருக்கும், கடன் கொப்பியும் இருக்கும். ஆனால் உண்மையான கணக்கு இருப்பது முதலாளியின் தலைக்குள். யாருக்கு எத்தனை நாள் தவணை, எந்த ஊர்க் கடைக்காரரின் காசோலை திரும்பி வரும், போன நோன்புக்கு பேரீச்சம்பழம் எந்த விலை வரைக்கும் இறங்கியது, எந்த இறக்குமதியாளர் சொன்ன சொல்லில் நிற்பார், இவையெல்லாம் எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. ஐந்தொகை தயாரிக்கும்போது கட்டிடத்துக்கு ஒரு பெறுமதி போடுகிறோம், லொறிக்குப் போடுகிறோம், கையிருப்புச் சரக்குக்குப் போடுகிறோம். முதலாளியின் ஞாபகத்துக்குப் பெறுமதி எழுத அதில் ஒரு வரி கிடையாது.

நான் வைத்தியர் அல்ல. கடைகளின் கணக்குப் பார்ப்பது என் தொழில். ஆனால் எமது வியாபாரிகளின் கணக்குகளை வருடக்கணக்கில் பார்த்து வருபவன் என்ற வகையில் ஒரு மாற்றத்தைக் கவனித்து வருகிறேன். நாற்பது வயதில் நான்கு இலக்க எண்களை மனதில் பெருக்கிச் சொன்னவர்கள், ஐம்பத்தைந்தில் கல்குலேட்டரைத் தட்டிவிட்டு மீண்டும் ஒரு முறை தட்டுகிறார்கள். வயது போகிறது என்று சொல்லிக் கடந்து விடுகிறோம். வயது மட்டும்தான் காரணமா என்பதே இந்த வாரம் நான் எடுத்துக்கொண்ட விடயம்.

சீனி வருத்தம் என்றவுடன் எமக்கு ஞாபகம் வருவது கால் புண், கண் பார்வை, சிறுநீரகம், மாரடைப்பு. மச்சானுக்கு விரல் வெட்டினார்கள், மாமிக்கு வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ் என்று கதைக்கிறோம். அந்த வருத்தம் தலைக்குள்ளும் வேலை செய்கிறது என்பதை கலியாண வீட்டிலோ மையித்து வீட்டிலோ யாரும் பேசி நான் கேட்டதில்லை. மறதி என்பது வெட்கப்படும் விடயமாக இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதலில் அளவைப் பார்ப்போம். 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் செய்யப்பட்ட ஆய்வொன்றில் இலங்கையில் வளர்ந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவு உள்ளவர் எனக் காணப்பட்டது. கொழும்பு நகரவாசிகளிடையே செய்யப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில் அது நூற்றுக்கு 27 பேர் அளவுக்குப் போயிருந்தது. அதாவது நான்கில் ஒருவருக்கும் மேல். நகரத்தில் வாழ்வோரும் உட்கார்ந்து தொழில் செய்வோரும் அதிகமாக உள்ள சமூகம் எமது சமூகம். காலை ஒன்பது மணிக்குக் காசு மேசையில் உட்கார்ந்தால் இரவு ஏழு மணிக்கு எழும்புகிறவர்கள், இடையில் எழும்புவது தொழுகைக்கு மாத்திரம். அதுவும் இல்லாவிட்டால் உடம்பு என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அன்றாடக் கணக்கில் என்ன நடக்கிறது

மூளை உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடல் செலவு செய்யும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக் கொள்கிறது. கடையில் இரண்டு சதுர அடி இடத்தைப் பிடித்துக்கொண்டு மின்சாரக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்னும் குளிர்சாதனப் பெட்டி போன்றது அது. அதன் பிரதான எரிபொருள் குளுக்கோஸ். அப்படியானால் இரத்தத்தில் சீனி கூடினால் மூளைக்கு நல்லதுதானே என்று ஒருவர் கேட்கலாம். விடை மறுபுறமாக இருக்கிறது.

அமெரிக்காவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது கடைக்காரரின் வேலையையே பரீட்சையாக வைத்தது. நீரிழிவு உள்ளவர்களிடம் சிறு கையடக்கக் கம்பியூட்டர் ஒன்றைக் கொடுத்து, வீட்டில் சீனி பார்ப்பதற்குச் சற்று முன்னர், ஒரு நாளைக்குச் சில தடவை, மனக் கணக்காகக் கழித்தல் கணக்குகளைச் செய்யச் சொன்னார்கள். பிறகு அந்த விடைகளையும் அப்போதைய சீனி அளவையும் ஒப்பிட்டார்கள். சீனி ஏறத்தாழ 270ஐத் தாண்டியிருந்த நேரங்களில் கணக்கின் வேகம் குறைந்தது, பிழைகளும் கூடின. இது எல்லோருக்கும் நடக்கவில்லை. ஏறக்குறைய பாதிப் பேருக்கு நடந்தது. மற்றப் பாதிப் பேர் தாக்குப் பிடித்தார்கள். நாம் எந்தப் பாதியில் இருக்கிறோம் என்பது எமக்குத் தெரியாது என்பதுதான் சங்கடம்.

அதற்கு முந்திய வருடம், 2004இல், ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 20 பேரை வைத்துச் செய்த சோதனையில் அவர்களுடைய சீனியை ஒரு நாள் 300 அளவிலும், இன்னொரு நாள் 80 அளவிலும் மருந்து செலுத்தி நிறுத்தி வைத்தார்கள். சீனி உயர்ந்த நாளில் அவர்களுடைய கவனமும், புதிய தகவலைச் சிறிது நேரம் மனதில் வைத்திருக்கும் ஆற்றலும், வேலையின் வேகமும் குறைந்தன. அத்தோடு மனநிலையும் மாறியது. உற்சாகம் குறைந்து, கவலையும் பதற்றமும் கூடின. அதே ஆட்கள்தான். மாறியது இரத்தத்தில் ஓடிய சீனி மாத்திரம்.

இதை எமது கடைகளுக்குக் கொண்டு வந்து பாருங்கள். பகல் இரண்டு மணி. ளுஹர் தொழுது, ஒரு கோப்பை நிறையச் சோறும் இறைச்சிக் கறியும் சாப்பிட்டு, மேலே ஒரு இனிப்புச் சோடாவும் குடித்துவிட்டு முதலாளி காசு மேசையில் அமர்கிறார். கட்டுப்பாடு இல்லாத சீனி வருத்தக்காரருக்கு அந்த நேரம் 270 என்பது பெரிய எண் அல்ல. அந்த நேரம் பார்த்துத்தான் கம்பனி ரெப் வந்து, பத்துப் பெட்டிக்கு ஒன்று இலவசம், நூற்றுக்கு மூன்று கழிவு, நாற்பத்தைந்து நாள் தவணை, அல்லது உடன் காசுக்கு ஐந்து கழிவு என்று கணக்குச் சொல்லுகிறார். தலையசைத்து ஓடரில் கையொப்பம் வைக்கிறோம். பெரிய ஓடர்களையும் கடன் பேச்சுகளையும் காலையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் கணக்குக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பகலில் கடையில் உறங்கி வழிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கழுத்துப் பருத்து, தொந்தி வைத்தவர்கள் பலருக்கு இரவு உறக்கத்தில் மூச்சு விட்டு விட்டு நிற்கும். பலத்த குறட்டை அதன் அடையாளம். இரவு முழுக்க ஒக்சிசன் குறைந்து குறைந்து ஏறுவதால் காலையில் எழும்பும்போதே களைப்பு, பகலில் தூக்கம், கவனக் குறைவு, மறதி. கைலூலா உறக்கம் ஸுன்னத்தானது. வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது கண் செருகுவது கைலூலா அல்ல. குறட்டையைப் பற்றி அதிகம் தெரிந்தவர் மனைவி. அவரிடம் கேட்டுவிட்டு வைத்தியரிடம் போவது நல்லது.

நீண்டகாலக் கணக்கு

அன்றாட ஏற்ற இறக்கம் ஒரு பக்கம். வருடக்கணக்கில் நடப்பது இன்னொரு பக்கம். அது மெதுவாக நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வயோதிபர்களைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் ஆபத்து மற்றவர்களை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு எனக் கண்டார்கள். அதன் பின்னர் வெவ்வேறு நாடுகளில் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதே திசையைத்தான் காட்டின.

இரண்டு மடங்கு என்றால் எதன் இரண்டு மடங்கு என்று கேட்பது வியாபாரியின் பழக்கம். அதற்கு லண்டனில் அரச அலுவலர்களிடம் நடந்த வைட்ஹோல் ஆய்வு நல்ல விடை தருகிறது. 1980களின் நடுப்பகுதியில் 35 முதல் 55 வயது வரையானவர்களைச் சேர்த்து, முப்பது வருடத்துக்கும் மேலாகத் தொடர்ந்தார்கள். பத்தாயிரம் பேரின் முடிவுகள் 2021இல் வெளியாயின. 70 வயதில் நீரிழிவு இல்லாத ஆயிரம் பேரை எடுத்தால் ஒரு வருடத்தில் சுமார் 9 பேருக்கு மறதி நோய் புதிதாக வந்தது. நீரிழிவு வந்து ஐந்து வருடத்துக்குள் உள்ளவர்களில் அது 10. பத்து வருடத்துக்கு முன்னரே நீரிழிவு வந்துவிட்டவர்களில் 18. ஆக, 66 வயதில் சீனி வந்தவருக்கும் 45 வயதில் வந்தவருக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. எமது வியாபாரிகளுக்கு எந்த வயதில் வருகிறது? எனக்குத் தெரிந்த வட்டத்தில் நாற்பதுக்கு முன்னரே மாத்திரை தொடங்கியவர்கள் நிறையப் பேர்.

அதேநேரம் அந்த 18ஐயும் சரியாக வாசிக்க வேண்டும். ஆயிரத்தில் மீதி 982 பேருக்கு அந்த வருடம் வரவில்லை. சீனி வருத்தம் என்றால் புத்தி போய்விடும் என்று பயம் காட்டுவது என் நோக்கமல்ல. ஆபத்து கூடியிருக்கிறது, அதைக் குறைக்க வழியும் இருக்கிறது என்றுதான் சொல்லுகிறேன்.

நோய் என்று சொல்லும் அளவுக்குப் போகாத மெல்லிய குறைவுகளும் உண்டு. வைத்தியர்கள் பாவிக்கும் ஒரு பரீட்சையில் ஒன்று முதல் ஒன்பது வரையான இலக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி கொடுப்பார்கள். இலக்கத்தைப் பார்த்துக் குறியை நிரப்ப வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் எத்தனை நிரப்புகிறோம் என்பதுதான் புள்ளி. விலைப் பட்டியலைப் பார்த்து பில் போடுவது போன்ற வேலை. நீரிழிவு உள்ள ஏறத்தாழ மூவாயிரம் பேரிடம் இதைச் செய்து 2009இல் வெளியிட்டபோது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஒரு புள்ளி கூடக் கூட, பரீட்சைப் புள்ளி சராசரியாக ஒன்றே முக்கால் குறைந்திருந்தது. சிறிய எண்தான். ஆனால் ஆறில் இருப்பவருக்கும் பத்தில் இருப்பவருக்கும் இடையே எத்தனை புள்ளி என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

காரணம் என்ன? கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் உள்ள மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களை சீனி கெடுப்பது எமக்குத் தெரியும். மூளையின் ஆழத்திலும் அதே போன்ற குழாய்கள் இருக்கின்றன. அவை தடித்து அடைபடும்போது மூளையின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செய்தி கொண்டு போகும் நரம்புகள் பழுதாகின்றன. அதனால்தான் முதலில் குறைவது வேகம். அத்தோடு, உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை மூளையையும் பாதிக்கிறது, ஏனென்றால் ஞாபகத்தைப் பதிக்கும் பகுதிகளுக்கும் இன்சுலின் தேவை. பிரஷரும் கொலஸ்ட்ரோலும் கூடச் சேர்ந்தால் சேதம் இரட்டிப்பாகிறது.

தொந்தி பேசும் உண்மை

சீனி இன்னும் வரவில்லை, உடம்பு மாத்திரம் கொஞ்சம் பருத்திருக்கிறது என்று ஆறுதல்படுகிறவர்களுக்கும் செய்தி இருக்கிறது. அமெரிக்காவின் வட கலிபோர்னியாவில் 1964க்கும் 1973க்கும் இடையில் வைத்தியப் பரிசோதனை செய்துகொண்ட, அப்போது 40 முதல் 45 வயதான, பத்தாயிரம் பேரை சராசரியாக 27 வருடம் கழித்துப் பார்த்தார்கள். நடு வயதில் மிகப் பருமனாக இருந்தவர்களுக்கு மறதி நோய் ஆபத்து 74 வீதம் அதிகம். அளவுக்குச் சற்று மேலே இருந்தவர்களுக்கு 35 வீதம் அதிகம். 2008இல் அதே குழுவினர் தொந்தியை மாத்திரம் தனியே எடுத்துப் பார்த்தபோது, மிகப் பெரிய தொந்தி உள்ள ஐந்தில் ஒரு பங்கினருக்கு மிகச் சிறியவர்களை விட ஏறக்குறைய மூன்று மடங்கு ஆபத்து இருந்தது. மொத்த எடை அளவாக இருந்தும் தொந்தி மாத்திரம் வைத்தவர்களும் தப்பவில்லை.

தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வகுத்திருக்கிறது. கெய்சர் வீதிப் புடவைக் கடைக்காரர்களுக்கு அளவு நாடா தேடிப் போக வேண்டியதில்லை, கழுத்திலேயே தொங்குகிறது. ஒரு முறை தங்கள் இடுப்பிலும் சுற்றிப் பார்க்கலாம். தொப்புள் மட்டத்தில் அளக்க வேண்டும், காற்சட்டை கட்டும் இடத்தில் அல்ல. அங்கே எல்லோரும் 34தான்.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். 13 இலட்சம் பேரின் தகவல்களைச் சேர்த்து 2018இல் வெளியான ஆய்வில், மறதி நோய் வருவதற்கு இருபது வருடத்துக்கு முன்னர் பருமனாக இருந்தவர்களுக்கு ஆபத்து கூடியிருந்தது. ஆனால் நோய் வருவதற்கு முந்திய பத்து வருடத்துக்குள் பார்த்தால் மெலிந்தவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. மெலிவது நோய்க்குக் காரணம் என்பதல்ல அதன் பொருள். நோய் உள்ளே தொடங்கியதனால் மெலிகிறார்கள். ஆகவே எழுபது வயது வாப்பா எந்த முயற்சியும் இல்லாமல் மெலிந்து வந்தால், சீனிக்கு நல்லது என்று மகிழாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கிழக்கில் ஒரு நகரத்தில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரின் கணக்கை நான் பார்த்து வந்தேன். ஐம்பத்தெட்டு வயது. பத்து வருடத்துக்கும் மேலாகச் சீனி. வருட முடிவில் வங்கிக் கணக்கையும் கடன் கொப்பியையும் ஒப்பிட்டபோது வந்திருக்க வேண்டிய பெரிய தொகை ஒன்று வங்கியில் இல்லை. வேலையாட்கள் மேல் சந்தேகம் விழுந்தது. ஒரு பொடியனை நிறுத்தவும் பேச்சு நடந்தது. கடைசியில் முதலாளியின் சொந்த லாச்சியில், பழைய கலண்டர் ஒன்றின் அடியில், வங்கியில் போடாமல் விட்ட காசோலைகள் ஒரு கட்டாக இருந்தன. சிலவற்றுக்கு ஆறு மாதம் கடந்துவிட்டது. அவற்றை வாங்கி வைத்ததே அவருக்கு ஞாபகமில்லை.

மூத்த மகன் என்னிடம் சொன்னது, "வாப்பாக்கு வயசு போயிட்டு நானா, அதான்." இரத்தம் பார்த்தபோது பட்டினிச் சீனியே 240. அத்தோடு விற்றமின் பி12ம் மிகக் குறைந்திருந்தது. மெட்போமின் மாத்திரையை நெடுங்காலம் எடுப்பவர்களில் சிலருக்கு பி12 குறையும். அது குறைந்தால் மறதி வரும், கால் விறைக்கும். கால் விறைப்பைச் சீனியின் விறைப்பு என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். பி12 ஊசியும் சீனிக் கட்டுப்பாடும் தொடங்கிச் சில மாதங்களில் அவர் நன்றாகத் தெளிந்தார். முழுமையாக அல்ல. பழைய வாடிக்கையாளர் முழுப் பேரின் வம்சமும் சொல்வார், புதிதாக வந்தவரின் பெயர் நிற்பதில்லை. காசோலை கொடுத்தவர்களில் அநேகர் புதிதாக எழுதிக் கொடுத்தார்கள். இருவர் கொடுக்கவில்லை. நிறுத்தப்பட இருந்த பொடியன் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறான்.

கீழே விழுந்தாலும் ஆபத்து

சீனியை எவ்வளவு கீழே தள்ளுகிறோமோ அவ்வளவு நல்லது என்று சிலர் நினைத்து, மாத்திரையைத் தாமாகவே கூட்டிக் கொள்கிறார்கள். இது பெரும் தவறு. மூளை சீனி இல்லாமல் சில நிமிடங்கள் கூடச் சரியாக ஓடாது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், வைத்தியசாலைக்குப் போகும் அளவுக்குச் சீனி இறங்கிய அனுபவம் ஒரு முறை இருந்த வயோதிபர்களுக்கு மறதி நோய் ஆபத்து 26 வீதம் கூடியிருந்தது. மூன்று முறை அல்லது அதற்கு மேல் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2011இல் முடிவு வெளியான பெரிய பரிசோதனையொன்றில், சீனியை மிகக் கடுமையாகக் குறைத்த பிரிவினருக்கு மூளை சுருங்குவது சற்றுக் குறைந்தது, ஆனால் ஞாபகப் பரீட்சையில் புள்ளி கூடவில்லை. அந்தப் பிரிவில் மரணமும் அதிகமாக இருந்ததால் கடும் சிகிச்சையை இடையில் நிறுத்தினார்கள். கெட்டுப்போன பின் இறுக்கிப் பிடிப்பதால் இழந்ததை மீட்க முடியும் என்பதற்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. இலக்கு எத்தனை என்பதை ஆளுக்கு ஆள் பார்த்து வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

நோன்பு காலத்தில் இதற்குத் தனிக் கவனம் தேவை. 13 நாடுகளில் 12,000க்கும் அதிகமான முஸ்லிம் நீரிழிவாளர்களிடம் செய்து 2004இல் வெளியான ஆய்வில், வைத்தியசாலையில் சேர்க்கும் அளவுக்குச் சீனி இறங்குவது இரண்டாம் வகை நீரிழிவாளர்களுக்கு ரமழானில் ஏழரை மடங்கு கூடியது. நோன்புப் பெருநாள் வியாபாரம் உச்சத்தில் இருக்கும் கடைசிப் பத்தில், அஸருக்குப் பின், கடை நிறையச் சனம் இருக்கும்போது, முதலாளிக்குக் கை நடுங்கி வியர்த்து, சொன்ன விலையை மறந்து, காரணமில்லாமல் வேலையாளை ஏசினால் அது கோபமாக இல்லாமல் இறங்கிய சீனியாக இருக்கக்கூடும். சீனி 70க்குக் கீழே போனால் அல்லது 300க்கு மேலே ஏறினால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது வைத்திய ஆலோசனை. நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. விரல் நுனியில் ஊசி குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்றே பெரும்பாலான உலமாக்கள் சொல்கிறார்கள். ரமழானுக்கு ஓரிரு மாதம் முன்னரே மருந்து நேரங்களை மாற்றிக்கொள்ள வைத்தியரைச் சந்திப்பது, அந்தப் பருவத்துக்குச் சரக்கு ஓடர் போடுவதைப் போல ஒரு வேலை.

இனிச் செலவு வைக்காத வழிகள். கடையில் வரும் போகும் ஆட்களோடு ஒரு நாளைக்கு எட்டுப் பிளேன்டீ குடிக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, ஒரு கரண்டி நான்கு கிராம் என்றால், 64 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன நல்ல அளவு, ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 25 கிராம். வட்டிலப்பமும் சோடாவும் இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கப்படவில்லை. தேநீரை எட்டிலிருந்து குறைக்கச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. கரண்டியைக் குறைக்கலாம். சோடாப் போத்தல்களில் 2016 ஓகஸ்டில் இருந்து அச்சிடப்படும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளத்தை விற்கும் நாமே பார்ப்பதில்லை. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விட வேண்டும் என்ற நபிமொழியை வலீமா சஹனைச் சுற்றி உட்காரும்போது யாராவது ஞாபகப்படுத்தினால் சிரித்துவிட்டு அடுத்த கரண்டியை அள்ளுகிறோம். ஆனால் எடை குறைந்தால் நடப்பது சிறிய விடயமல்ல. பிரித்தானியாவில் 2017 இறுதியில் வெளியான பரிசோதனையில், நீரிழிவு வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்கள் கட்டுப்பாடான உணவால் எடை குறைத்தபோது ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு வருடத்தில் மருந்தே தேவைப்படாத நிலை வந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல். பின்லாந்தில் 60 முதல் 77 வயதான 1,260 பேரை வைத்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர் சீனிக் கண்காணிப்பு நான்கையும் சேர்த்து இரண்டு வருடம் செய்தவர்கள் சிந்தனைப் பரீட்சைகளில் மற்றப் பிரிவினரை விட முன்னேறினார்கள். ஒன்றை மாத்திரம் செய்தவர்கள் அல்ல, நான்கையும் சேர்த்துச் செய்தவர்கள்.

கடைக்குச் செய்ய வேண்டியது வேறு. அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் ஸூரத்துல் பகராவின் 282வது வசனம். அது வணக்கத்தைப் பற்றியதல்ல, தவணைக் கடனை எழுதி வைப்பது பற்றியது. சிறிய தொகையானாலும் பெரிய தொகையானாலும் எழுதச் சலிக்க வேண்டாம் என்கிறது, ஒருவர் மறந்தால் மற்றவர் ஞாபகமூட்டும் வகையில் சாட்சிகளை வைக்கச் சொல்கிறது. கடன் பட்டவர் விளக்கம் குறைந்தவராகவோ பலவீனராகவோ சொல்ல இயலாதவராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் நீதியாகச் சொல்லி எழுதுவிக்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்கிறது. மனித ஞாபகம் தளரும் என்பதைக் கணக்கில் எடுத்தே அங்கே வியாபார விதி வகுக்கப்பட்டிருக்கிறது. நாமோ வாய்ச் சொல்லில் இலட்சக்கணக்கில் கொடுத்து, எழுதச் சொன்னால் நம்பிக்கை இல்லையா என்று கேட்கிறோம்.

எழுத வேண்டியவற்றில் கடன் கொப்பி முதலாவது. இரண்டாவது, தலைக்குள் மாத்திரம் இருப்பவை: யாருக்கு எந்த எல்லை வரை கடன், எங்கே அமானத்தாகக் காசு வைத்திருக்கிறோம், யாருடைய அமானத்து எம்மிடம் இருக்கிறது, ஸகாத் எந்தத் திகதியில் கணக்கிடுகிறோம். மூன்றாவது வங்கி. அநேக கடைகளில் கணக்குக்கு முதலாளி ஒருவரே கையொப்பக்காரர். அவருக்குத் திடீரென்று பாரிசவாதம் வந்தாலோ, மெல்ல மெல்லப் புத்தி தளர்ந்தாலோ, கடை முழுவதும் நின்றுவிடும். தலை தெளிவாக இருக்கும்போதே மகனையோ மகளையோ மனைவியையோ இரண்டாம் கையொப்பக்காரராகச் சேர்ப்பது ஒரு நாள் வேலை. வீட்டில் தையலும் சமையலும் செய்து வியாபாரம் நடத்தும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். அவர்களிடம் கொப்பி கூட இருப்பதில்லை.

சீனி, பிரஷர், எடை பார்ப்பதற்கு அரச வைத்தியசாலைகளோடு சேர்ந்த ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் நாடு முழுவதும் இயங்குகின்றன. 35 வயதைத் தாண்டியவர்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. நெடுங்காலமாக மெட்போமின் எடுப்பவர்கள் பி12ஐயும், அறுபத்தைந்தைத் தாண்டிய நீரிழிவாளர்கள் வருடத்துக்கு ஒரு முறை ஞாபகப் பரிசோதனையையும் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளலாம். பட்டினிச் சீனி பார்க்கக் காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும், அது கடை திறக்கும் நேரம் என்பதுதான் எமது முதலாளிகள் சொல்லும் காரணம். அன்றைக்கு மகனைக் காசு மேசையில் இருத்திவிட்டுப் போகலாம். அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதும் அதே காலையில் தெரிந்துவிடும்.